படிக்கட்டுக்குக் கீழே ஒரு குடைக்காரர்

“நம்ம ஊரா? எதுடி நம்ம ஊரு? நீ பொறந்தது…”

“மெதுவாப் பேசு. பக்கத்து வீட்டுக்கு…”

“…இதோ, இந்த ஜன்னலத் திறந்தா தெரியுதே, அந்த ஆஸ்பத்திரியில. நானும் அங்கதான். நடுவுல எந்த ஊருக்குப் போய்த் தவழ்ந்துட்டு வந்த?”

“என்னையவே ‘டி’ போட்டுப் பேசாத. அது ஏதோ ஒரு பேச்சுக்குச் சொன்னது, அந்த நேரத்துல…”

“ஆறு வருஷமா ஒரு பேச்சு! நான் ஒரே ரூட்ல பஸ் ஓட்டியே ஆறு வருஷம் ஆகலக்கா!”

காலை ஏழு மணிகூட ஆகவில்லை. அதற்குள் அடுப்படியில் இத்தனை கூச்சல். எல்லாவற்றுக்கும் காரணம் மூத்தவளின் கையிலிருந்த சோப்பு நுரைதான். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குரல் செய்தி வந்தது. ஈரக் கையோடு தட்டியதில் அது ஊருக்கே கேட்கிற மாதிரி ஒலித்துவிட்டது. இளையவள் பஸ் டிரைவர். காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி நின்றவள் காதில் அது முழுசாக விழுந்தது.

“உப்பக்கா! வந்து எறங்கிட்டேன். நம்ம ஊரு! முப்பது வருஷம் கழிச்சு! மணிக்கூண்டு அப்படியே நிக்குது. படிக்கட்டுக்குக் கீழ மட்டும் தகரம் அடிச்சு மூடிட்டாங்க. அங்கதானே நம்ம குடைக்காரர் உக்காந்திருந்தாரு? நான் படம் வரையப்போற நூலகத்துச் சுவரு பெரிய சுவருக்கா, எனக்குப் பயமா இருக்கு. சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிடுறேன். படத்தப் பாத்து நீங்க சரின்னு சொன்னாத்தான் சுவர்ல ஏத்துவேன். திங்கக்கெழம வயசானவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து காட்டப் போறாங்களாம். நீங்களும் வந்துடுங்க. நம்ம ஊர்க்காரங்க ரெண்டு பேரா நிக்கலாம்.”

இளையவள் பாதிப் பொத்தானோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“யாரு இது?”

“மைக்கூடு.”

“இப்படி ஒரு பேரா?”

“குரூப்புல அவளுக்கு அதான் பேரு. எனக்கு உப்புக்காற்று. கூப்பிடுறதுக்குச் சுருக்கமா உப்பக்கா.”

“ரெண்டு பேருக்கும் வீட்ல பேரே வைக்கலயா?”

“அங்க சொந்தப் பேரு கேக்கக் கூடாதுன்னு ஒரு வழக்கம்.”

“ஊரைக் கேக்கலாமோ?”

மூத்தவள் குழாயை மூடினாள்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தொலைக்காட்சியில் ‘ஒன்பதாம் விளக்கு’ என்று ஒரு தொடர் வந்தது. கடலோரத்தில் ஒரு கலங்கரை விளக்கம், அதில் ஒதுங்கிய ஒரு மாலுமி, அவனுக்குக் காயம் கட்டிய ஒரு நர்ஸ். முப்பத்தோராவது வாரம், விளக்கு அணைந்துபோய் மாலுமி இருட்டில் படியேறிக்கொண்டிருந்தபோது தொடரையே நிறுத்திவிட்டார்கள். அவன் மேலே போய்ச் சேர்ந்தானா என்று யாருக்கும் தெரியாது. அதைத் தாங்க முடியாத முந்நூறு பேர் இணையத்தில் ஒன்றுசேர்ந்தார்கள். வரையத் தெரிந்தவர்கள் மாலுமியை வரைந்தார்கள், எழுத வந்தவர்கள் மிச்சக் கதையை எழுதினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் படம் போட்டால், அடுத்த ஞாயிறுக்குள் இன்னொருவர் அந்தப் படத்துக்கு ஒரு கதை போட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. முந்நூறு பேர் நாளடைவில் நாற்பதாகக் கரைந்துபோனார்கள். அந்த நாற்பதில் இந்த இரண்டு பேரும் உண்டு.

மாலுமி பிறந்த ஊர் எது என்று தொடரில் கடைசிவரை சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிறன்று மைக்கூடு ஒரு படம் போட்டாள். வெளிப்பக்கமாகச் சுற்றியேறும் படிக்கட்டோடு ஒரு மணிக்கூண்டு, அதன் கீழே மழையில் ஓடுகிற ஒரு சின்னப் பையன். படத்தின் அடியில், ‘மாலுமிக்கு ஊர் இல்லை. என் ஊரைக் கொடுத்துவிட்டேன்’ என்று எழுதியிருந்தாள்.

அதற்குக் கதை எழுதுகிற முறை மூத்தவளுடையது. படத்தில் இருந்ததை எல்லாம் எழுதிவிட்டு, படத்தில் இல்லாத ஒரு ஆளையும் சேர்த்தாள். படிக்கட்டுக்குக் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்கிற ஒருவர். அவரே வைத்திருந்த குடையில் ஒரு கம்பி உடைந்து தொங்கும். அந்தக் குடைக்குள்தான் பையன் ஒதுங்குகிறான்.

மறுநாளே தனியாக ஒரு செய்தி வந்தது. ‘அக்கா, நீங்க அந்த ஊர்தானே?’

அன்றைக்கு மூத்தவள் பத்து மணி நேரம் நின்றபடி வேலை பார்த்துவிட்டு, லிஃப்ட் கெட்டுப்போன கட்டடத்தில் நாலு மாடி ஏறி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் கிடந்தாள். நீ யார், எந்த ஊர், சாப்பிட்டாயா என்று அவளை யாரும் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. ‘ஆமா’ என்று அடித்தாள். இல்லை என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். ஆமா என்றால் தொடரும். அவ்வளவுதான் அன்றைக்குத் தோன்றியது.

பேச்சு தொடர்ந்தது, ஆறு வருஷம்.

“சரி, ஒருநாள் வாய் தவறிடுச்சு. மறுநாள் சொல்லியிருக்கலாமே?” இளையவள் விடவில்லை.

“மறுநாள் அவ எழுதினா. ‘ஏழு வயசுல கெளம்பிட்டோம்க்கா, மணிக்கூண்டத் தவிர எனக்கு எதுவுமே ஞாபகம் இல்ல, நீங்க சொல்லுங்க’ன்னு. எப்படிச் சொல்ல?”

“அதனால?”

“சொன்னேன்.”

“எத?”

“தெருவ எல்லாம் போன்ல மேப்ல பாத்துக்கிட்டேன். அது அத்தனையும் நெசம். ஆளுங்களைத்தான்… நானாப் போட்டேன்.”

“ஊரு அவங்களுது, சனம் உன்னுது! அடேங்கப்பா, தேர்தல்ல நிக்கலாம் நீ.”

“சிரிக்காதடி.”

“சிரிக்கல. நீ சொன்னத எல்லாம் அந்தப் பொண்ணு சுவர்ல வரையப் போகுது. அந்த ஊருல பல்லுபோன கெழவங்க நாலு பேரு வந்து நின்னு, ‘யாரும்மா இந்தாளு? எந்த ஊருப் படம்மா இது?’ன்னு கேப்பாங்க. அப்ப அது மூஞ்ச எங்க கொண்டுபோய் வெச்சுக்கும்?”

மூத்தவள் துண்டில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள்.

“நாலு மணிக்கு அது கூப்பிடும்போது சொல்லிடு,” என்றாள் இளையவள், குரலை இறக்கி.

“சொன்னா போயிடுவா.”

“போனாப் போகட்டும்.”

“உனக்கென்ன. அவள விட்டா எனக்குப் பேச யாரு இருக்கா?”

“அப்ப நான் என்ன, செவுரா?”

“நீ வந்தா தூங்குற, எந்திரிச்சா பஸ்ஸு. உன்னச் சொல்லிக் குத்தமில்ல. நானும் அப்படித்தான். ஆனா அவ கேப்பாடி. ‘இன்னைக்கு எத்தன பல்லு செட்டு முடிச்சீங்க, கண்ணு எரியுதா’ன்னு கேப்பா.”

இளையவள் கடைசிப் பொத்தானைப் போட்டாள். வாசலில் ஷூ கயிறு கட்டக் குனிந்தபடி, முகத்தைக் காட்டாமல் கேட்டாள்.

“கண்ணு எரியுதாக்கா?”

“கெளம்பு, நேரமாச்சு.”

அவள் படியிறங்கிப் போகிற சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது.

மூத்தவள் வேலை பார்ப்பது பல் செட் செய்கிற லேபில். கடைத்தெருவின் பின்சந்தில், பேட்டரிக் கடைக்கும் போட்டோ ஃப்ரேம் கடைக்கும் நடுவில் ஒரு நீளமான அறை. டாக்டர்கள் அனுப்புகிற தாடை அச்சுகள் சுவர் நெடுக அலமாரியில் இருக்கும். பிளாஸ்டரில் வெள்ளை வெளேரென்று இருநூறு வாய்கள், எல்லாம் பாதி திறந்தபடி. புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் அந்தப் பக்கம் திரும்பவே பயப்படுவார்கள். மூத்தவளுக்குப் பழகிவிட்டது. ‘இத்தனை வாய் இருக்கு, ஒண்ணாவது குறுக்க பேசுதா பாரு’ என்பாள்.

மெழுகை உருக்கி ஈறு செய்து அதில் பற்களை ஒவ்வொன்றாக நிறுத்துவது அவளுடைய வேலை. இருபத்தாறு வருஷம். அதில் அவளுக்கென்று ஒரு பேர் உண்டு. எல்லாப் பல்லையும் வரிசையாக, பளிச்சென்று வைத்தால் பார்த்தவுடனே செட்டு என்று தெரிந்துவிடும். அதனால் அவள் ஒரு பல்லை மட்டும் கடுகளவு திருப்பி வைப்பாள். இல்லாவிட்டால் கீழ்வரிசையில் இரண்டு பற்களுக்கு நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி விடுவாள். போட்டுக்கொண்டவர்களே நாளடைவில் அது தங்கள் சொந்தப் பல்லுக்கு இருந்த கோணல் என்று சத்தியம் செய்வார்கள். ஒரு அம்மாள் வந்து, ‘சின்ன வயசுல மாடிப்படியில விழுந்து திரும்பின பல்லு, அதையே எப்படிம்மா கண்டுபிடிச்சே?’ என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். மூத்தவள் ஒன்றும் சொல்லாமல் சிரித்து வைத்தாள்.

குடைக்காரருடைய உடைந்த கம்பியும் அப்படி வைத்ததுதான்.

பிற்பகல் இரண்டு மணிக்கு பாலிஷ்காரர் அவள் மேசைக்கு வந்தார். லேபில் அவளைவிட நாலு வருஷம் மூத்தவர். சக்கரத்தின் இரைச்சலில் பாதிக் காது போய்விட்டதால் ரகசியத்தைக்கூடச் சத்தமாகத்தான் சொல்வார்.

“என்னம்மா இது?”

“எது?”

“இந்தச் செட்டு. எல்லாப் பல்லும் பள்ளிக்கூடத்துல நிக்கிற மாதிரி நேரா நிக்குது. உங்க கோணல் பல்லு எங்க?”

மூத்தவள் வாங்கிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். காலையிலிருந்து செய்த மூன்று செட்டும் அப்படியே இருந்தன.

“இருக்கட்டும்ணே. இது பொய்ப்பல்லுதானே. பொய்ப்பல்லு மாதிரியே இருந்தா என்ன?”

“ஐயோ, முதலாளி காதுல விழுந்துடப் போகுது!” என்று முதலாளி காதில் விழுகிற மாதிரியே கத்தினார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குப் போங்கம்மா. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்,” என்றார்.

“நாலு மணி வரைக்கும் இருக்கேன். ஒரு போன் வரும்.”

“வீட்டுல வராதா அந்த போனு?”

வீட்டில் எடுத்தால் இளையவள் வந்துவிடுவாள் என்று சொல்லவில்லை. இங்கே எடுத்தால் பேசி முடித்ததும் கைக்கு ஏதாவது வேலை இருக்கும் என்பதையும் சொல்லவில்லை.

நாலு மணிக்குப் பின்னறைக்குப் போனாள். பிளாஸ்டர் மூட்டைகள், பழைய அச்சுகள் நிறைந்த பெட்டிகள், உட்கார ஒரு முக்காலி. காலை நீட்டினால் முழங்காலில் ஏதோ சொடுக்கியது. நாலு அஞ்சுக்குப் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. முகம் காட்டுவது குரூப்பில் வழக்கமில்லை. ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் அது தேவைப்பட்டதுமில்லை. திரையில் தெரிந்தது ஒரு சுண்ணாம்புச் சுவரும், கரி படிந்த ஒரு கட்டைவிரலும்தான்.

“உப்பக்கா, தெரியுதா? வெளிச்சம் போதுமா?”

“தெரியுது. ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“சாரத்து மேல ஏறி எறங்கி முதுகே விட்டுப்போச்சுக்கா. நேத்திலிருந்து தூக்கமும் இல்ல. நீங்க சாப்பிட்டீங்களா? கண்ணு எப்படி இருக்கு?”

“இருக்கு. நான் உங்கிட்ட ஒண்ணு…”

“இருங்க, இருங்க. மொதல்ல படத்தப் பாருங்க. அப்புறம் திட்டுங்க.”

பெரிய தாள் ஒன்று விரிந்தது. மணிக்கூண்டு, அதைச் சுற்றியேறும் படிக்கட்டு, மூத்தவள் மேப்பில் நடந்தே பழகிய மூன்று தெருக்கள், கம்பிக் கதவு போட்ட தபால் ஆபீஸ். தெரு முனையில் பேப்பர் படித்துக்கொண்டு நிற்கிற குள்ள வக்கீல், பூனைக்குப் பால் வைக்கிற டெய்லரம்மா, இருவரும் மூத்தவள் பெற்றெடுத்தவர்கள். ஒவ்வொருவரையும் பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் யாரோ மெழுகை ஊற்றுவது போல இருந்தது. அவ்வளவு நன்றாக இருந்தார்கள். நடுவில், படிக்கட்டுக்குக் கீழே, குடைக்காரர். உடைந்த கம்பி தொங்குகிறது. அவருக்கு எதிரே, பார்க்கிறவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் நிற்கிறார். ஒரு கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் குழந்தை. இன்னொரு கை மூடிய குடை ஒன்றை நீட்டுகிறது.

இந்த ஆளை மூத்தவள் எழுதவில்லை.

“இது யாரு?”

“எங்கப்பா.”

மூத்தவள் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“உங்ககிட்டச் சொன்னதே இல்லல்ல? அப்பா செத்துப்போன பெறகுதான் ஊரவிட்டே கெளம்பினோம். போட்டோ ஒண்ணுகூட இல்லக்கா. அம்மா எதையும் எடுத்துட்டு வரல. எனக்கு அவரு மூஞ்சியே தெரியாது. அதான் முதுக வரைஞ்சிருக்கேன்.”

“அப்புறம் எப்படி…”

“உங்க கதையாலதான்! மொத மொத அந்தக் கதையப் படிச்சேன்ல, குடைக்காரரு, ஒடஞ்ச கம்பி… படிச்சிட்டே இருக்கும்போது பொசுக்குன்னு வந்துச்சு. மழை. நான் அப்பா கையப் பிடிச்சிட்டு நிக்கிறேன். அவரு குடைய நீட்டுறாரு. கை சூடா இருந்துச்சு, அதுகூட ஞாபகம் வந்துச்சு. அவரப் பத்தி எனக்குன்னு இருக்கிறது அந்த ஒண்ணுதான். அதனாலதான் அன்னைக்கு உங்களக் கேட்டேன், ‘நீங்க அந்த ஊர்தானே’ன்னு. வேற யாருக்கு அவரத் தெரியும்?”

பெட்டிகளிலிருந்த பழைய பிளாஸ்டர் வாய்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது சிரித்து வைத்தது மூத்தவளுக்கு நினைவு வந்தது. அப்போது அது சுலபமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு சிரித்தால் போதும். இப்போதும் அப்படிச் செய்யலாம். திங்கட்கிழமை உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாம். கிழவர்களுக்கு மறதி என்று சொல்லிவிடலாம்.

“அக்கா? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“இங்க ஒரு கூத்து கேளுங்க. எதிர்ல டீக்கடைத் தாத்தா ஒருத்தரு காலையிலேருந்து என்கூடச் சண்ட. அந்தப் படிக்கட்டுக்குக் கீழ எந்தக் காலத்துலயும் தண்ணி மோட்டார் மட்டுந்தான் இருந்துச்சாம். ஆளு உக்கார எடமே இல்லையாம். நூலகரும் அவரு பக்கம் சாயுறாரு. வயசாயிடுச்சுல்ல, குழப்பிக்கிறாரு பாவம். நான் விடுவேனா? எங்கக்கா கண்ணால பாத்தவங்க, திங்கக்கெழம நேர்ல வந்து சொல்லுவாங்க, அப்படி ஒரு ஆளு இல்லன்னா நான் சுவரையே வெள்ளையடிச்சிக் குடுத்துட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். எல்லாரு முன்னாடியும்.”

“ஏன்மா அப்படிச் சொன்ன?”

“உங்க மேல இருக்கிற தைரியந்தான்!”

அவள் சிரித்தாள். களைத்துப்போன சிரிப்பு. முப்பது வருஷம் கழித்து வந்து இறங்கிய ஊரில் தன் பக்கம் பேச ஒரு ஆள் உண்டு என்ற நம்பிக்கை அதில் இருந்தது. மூத்தவள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். இளையவள் இப்போது எந்த நிறுத்தத்தில் நிற்பாளோ என்று சம்பந்தமில்லாமல் தோன்றியது.

“மைக்கூடு.”

“சொல்லுங்கக்கா.”

“அந்த டீக்கடைக்காரரு குழப்பிக்கல.”

“என்னது?”

“நான் அந்த ஊரு இல்லம்மா. வந்ததும் இல்ல. ஒரு தடவகூட. அன்னைக்கு நீ கேட்டப்ப ஆமான்னு சொல்லிட்டேன். இல்லன்னு சொன்னா நீ அதோட பேச மாட்டியோன்னு. தெருவெல்லாம் மேப்ல பாத்தது. வக்கீலு, டெய்லரம்மா எல்லாம் நான் உக்காந்து யோசிச்சது.”

கட்டைவிரல் திரையிலிருந்து விலகியது. சுவர் மட்டும் தெரிந்தது. எங்கோ சாரக் கயிற்றை இழுத்துக் கட்டுகிற சத்தம்.

“வெளையாடாதீங்கக்கா.”

“வெளையாடல.”

“குடைக்காரரு?”

“அவரும்தான். அந்தப் பையன் நனையுறானேன்னு இருந்துச்சு. அதுக்காகப் போட்டேன். சுவர்ல ஏத்தாதம்மா. என்னைய என்ன வேணா திட்டிக்க. திங்கக்கெழம வேணும்னா நானே வந்து எல்லாரு முன்னாடியும் சொல்றேன், தப்பு என்னுதுன்னு. நீ அவங்க முன்னாடி தலை குனிஞ்சு நிக்கக் கூடாது.”

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. திரையில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே பாலிஷ் சக்கரம் நின்றது. அந்த அமைதியில் போனுக்குள் தாளைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது. பாதியில் அது நின்றது. திரும்பவும் விரிகிற சத்தம். மூத்தவள் இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டாள். திட்டட்டும் என்று இருந்தது. திட்டினால் தேவலை.

பிறகு அந்தக் குரல் வந்தது. கோபமே இல்லை அதில். ஏழு வயசுப் பிள்ளை கேட்பது போல இருந்தது.

“அப்போ எங்கப்பா யாருகிட்டக்கா குடைய நீட்டினாரு?”